நாலாவது ஜாடி

அத்தியாயம் 14

கலைமகள் என்பவர் போன சனிக்கிழமை தொலைபேசியில் பேசியதோடு போன அத்தியாயத்தை விட்டிருந்தோம். கர்நாடகத்தில் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் அவர்தான் ஆள் எடுக்கிறவர். அண்ணன் பெண்ணின் வளைகாப்புக்கு மயிலாடுதுறை வருகிறார். புதன்கிழமை மத்தியானம் அப்படியே வந்து, கவிப்ரியா வீட்டில் போட்ட ஒயினைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

இன்று புதன்கிழமை.

கவிப்ரியா பதினான்கு கம்பெனிகளுக்கு எழுதியிருந்தாள். பதில் போட்டது இந்த ஒன்றுதான். கனடாவில் இரண்டு வருடம் ஒயின் தயாரிப்புப் படித்துவிட்டு, அங்கே தங்க விசா கிடைக்காமல் செப்டம்பரில் ஊர் திரும்பியவளுக்கு, இதுவும் நழுவினால் வேறு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா மங்களாம்பிகை அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். அப்பா துரைக்கண்ணு நெல்லை எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது. வரிசையில் அவர் நம்பர் இன்னும் வரவில்லை. குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறார்.

காலை ஏழு மணிக்குக் கவிப்ரியா விதை அறைக்குள் போய் விளக்கைப் போட்டாள். வீட்டில் குளிர்ச்சியான இடம் அதுதான். நாலு கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றும் ஐந்து லிட்டர், தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளங்களில் நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஈரச் சாக்கு. சாக்கு தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். அந்த ஈரம் காற்றில் காயும்போது ஜாடியின் சூட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். அறையை விட ஜாடி மூன்று நாலு டிகிரி குறைவாகவே இருக்கும்.

ஒயினுக்குத் திராட்சையை மிதித்து நசுக்கும் வேலை எதுவும் அவளுக்கு இருக்கவில்லை. கனடாவில் கடைகளில் இதற்கென்று பெட்டி விற்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கி வந்திருந்தாள். சுண்டவைத்த சிவப்புத் திராட்சைச் சாறு ஒரு பையில் இருக்கும். கூடவே ஈஸ்ட், ஓக் மரச் சீவல், சின்னச் சின்னப் பொட்டலங்கள். சாற்றில் அளவாகத் தண்ணீர் விட்டு ஈஸ்ட்டைத் தூவினால், அது சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் கொந்தளிப்பு அடங்கும். பிறகு வண்டலைக் கீழே விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் குழாயால் ஜாடிக்கு மாற்ற வேண்டும். ஜாடியைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். மேலே காற்று தங்கினால் ஒயின் கெடும். அப்புறம் பெரிய வேலை எதுவும் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

அவள் நாலு மாதம் காத்திருந்தாள். மூன்று ஜாடிகள் இன்னும் கலங்கலாக, ஆறிப்போன கடுந்தேநீர் மாதிரி இருந்தன.

நாலாவது மட்டும் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது.

ஒரே சாறு, ஒரே ஈஸ்ட், ஒரே அறை. நாலாவதில் மட்டும் என்ன வித்தியாசம்? மூன்று நாளாக இதே யோசனைதான். தரையில் உட்கார்ந்து ஜாடியின் வாயைப் பார்த்தாள். ரப்பர் மூடியின் மேல் காற்றுக் குழாய் செருகியிருந்தது. எஸ் எழுத்து போல வளைந்து, நடுவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் குழாய் அது. உள்ளேயிருந்து வாயு குமிழி விட்டு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. மூடியின் குறுக்கே தேதி எழுதிய காகிதப் பட்டை ஒன்றை அவள் ஒட்டியிருந்தாள்.

அந்தப் பட்டையின் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, இங்க வா."

"அடுப்புல குழம்பு கொதிக்குது."

"அணைச்சுட்டு வா."

மங்களாம்பிகை வந்தாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். ஜாடிகள் வந்த நாளிலிருந்து அவள் இந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை என்றுதான் மகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது ஜாடியை யாரு திறந்தது?"

"எனக்கென்ன தெரியும்?"

"சோத்தை வச்சு ஒட்டியிருக்கும்மா."

மங்களாம்பிகை முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு அலுப்போடு சொன்னாள். "தேத்தாங்கொட்டை போட்டேன்."

"என்னது?"

"தேத்தாங்கொட்டைடி. ஆத்துல புதுத் தண்ணி வந்தா செக்கச்செவேல்னு வரும்ல. அதுல போடுவோமே."

கவிப்ரியாவுக்கு அந்தக் கொட்டை தெரியும். பட்டாணி அளவில் உருண்டையாக இருக்கும். கல்லில் உரைத்து, அந்தப் பாலைக் கலங்கல் தண்ணீரில் விட்டால் மறுநாள் சேறு அடியில் படிந்துவிடும். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தூசுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் சேராது, சேராததால் கனம் கூடாது, அதனால் அடியில் இறங்காது. கொட்டையின் பால் அவற்றைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். திரள் பெரிதானதும் தானே கீழே போகும்.

ஒயினிலும் அதேதான் நடந்திருக்கிறது.

"எதுக்கும்மா போட்டே?"

"கலங்கியிருக்கு, கலங்கியிருக்குன்னு நீதானே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சே. சரியா வரலேன்னா ஒண்ணோட போகட்டும்னு ஒரு ஜாடியில மட்டும் விட்டுப் பார்த்தேன்."

"தெளிய வைக்கறதுக்கு ஒரு பொட்டலம் இருந்துச்சும்மா. ஏர்போர்ட்ல பெட்டியைக் கிளறினப்போ தொலைஞ்சு போச்சு. இல்லேன்னா நாலும் அப்பவே தெளிஞ்சிருக்கும்."

மங்களாம்பிகை அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"ஏர்போர்ட்ல தொலையல" என்றாள்.

"பின்ன?"

"நான்தான் வாய்க்கால்ல போட்டேன். அதுல எறா படம் போட்டிருந்துச்சு."

கவிப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். உண்மைதான். அந்தப் பொட்டலத்தில் இருந்தது இறால் ஓட்டிலிருந்து எடுத்த பொருள். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களை எச்சரிக்க மூலையில் சின்னதாக ஒரு படம் போட்டிருப்பார்கள். அதை அவள்தான் அடுப்படி அலமாரியில், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். சைவம் தவிர எதுவும் நுழையாத வீட்டில்.

"ஒயினை உள்ள விட்டே. எறா ஓட்டை விட மாட்டியா?"

"அது பழச்சாறுடி. ஏதோ புளிச்சுப் போச்சு. எறாவும் அதுவும் ஒண்ணா?"

சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. இரண்டுக்குமே அவளிடம் தெம்பில்லை. கைபேசியை எடுத்துத் தேடினாள். தேத்தா மரம் எட்டி மரத்தின் இனம் என்று போட்டிருந்தது. மேலே படித்தாள். இனம் ஒன்றானாலும் எட்டியின் நஞ்சு இதில் இல்லை.

"எட்டி மரத்தோட சொந்தமாம்மா இது."

"நாப்பது வருஷம் அந்தத் தண்ணியக் குடிச்சவ உன் முன்னாடிதான் நிக்கிறேன்." மங்களாம்பிகை படிக்கு உள்ளே ஒரு காலை வைத்தாள். "இப்ப என்னாங்கிறே? தெளிஞ்சிருக்குல்ல? அந்தம்மா வந்தா அந்த ஜாடியக் காட்டு. கேட்டா, தானா தெளிஞ்சுதுன்னு சொல்லு. தேத்தாங்கொட்டை, எறா ஓடுன்னு கதை படிச்சுக்கிட்டு உக்காராதே."

அம்மா போன பிறகு கவிப்ரியா நோட்டை எடுத்தாள். தொலைபேசியில் கலைமகள் சொன்னது காதிலேயே நின்றது. ஒயின் எப்படி இருந்தாலும் பார்த்துக்கலாம்மா. என்னிக்கு என்ன பண்ணினேன்னு எழுதி வச்சிருப்பியே, அதைக் காட்டு.

நோட்டில் எல்லாம் இருந்தது, ஒவ்வொரு நாளின் சூடு, ஒவ்வொரு மாற்றல், எத்தனை நாள் ஓக் சீவல் ஊறியது என்பது வரை. நாலாவது ஜாடிக்கு நேரே, இந்த மாதக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 'இயல்பாகத் தெளிந்தது' என்று எழுதினால் போதும். இரண்டே வார்த்தை. பேனாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மூடினாள்.

* * *

கலைமகள் மூன்று மணிக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வளைகாப்பிலிருந்து நேரே வந்ததால் பட்டுப்புடவை, இரண்டு கையிலும் புதுக் கண்ணாடி வளையல்கள். காரிலிருந்து இறங்கியதும் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துப் பின்சீட்டில் வைத்தார்.

"ஐயோ, பூவை ஏங்க எடுக்கிறீங்க?" மங்களாம்பிகை பதறினாள்.

"பூ வாசனை மூக்கை மறைச்சிடும்க்கா. அப்புறம் ஒயினும் மல்லியா மணக்கும். போறப்ப வச்சுக்கிறேன்."

விதை அறையில் அவர் முதலில் ஜாடிகளைப் பார்க்கவில்லை. சாக்கைத் தொட்டுப் பார்த்தார். தாம்பாளத்துத் தண்ணீரில் விரலை நனைத்தார். "நல்ல யோசனை" என்று மட்டும் சொன்னார். பிறகு சாக்குகளை இறக்கிவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லி, கைபேசி டார்ச்சை ஒவ்வொரு ஜாடியாக அடித்தார்.

முதல் மூன்றிலும் வெளிச்சம் கோடு போட்டது போல உள்ளே தெரிந்தது. தூசு நிறைந்த அறையில் ஓட்டை வழியாக வெயில் விழுவது போல. ஒளி போகும் வழியில் தூசு இருந்தால்தான் வழி கண்ணுக்குத் தெரியும். நாலாவதில் எந்தக் கோடும் இல்லை. சிவப்பாக ஒரு வட்டம் எதிர்ச் சுவரில் விழுந்தது.

"அடேயப்பா" என்றார் கலைமகள். "இதுல மட்டும் என்ன பண்ணினே?"

வாசற்படியில் மங்களாம்பிகை காபித் தம்ளரோடு நின்றிருந்தாள். மகளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள்.

கவிப்ரியாவிடம் இருந்தது ஒரே ஒரு ஒயின் கிளாஸ். அதைக் கலைமகளின் கை ஏற்கெனவே எடுத்திருந்தது. குடிக்கப்போகிறார். என்னவென்று தெரியாமலே குடிக்கப்போகிறார்.

"மேடம், அதைக் குடிக்காதீங்க. அதுல தேத்தாங்கொட்டை இருக்கு."

வளையல் சத்தம் நின்றது.

கவிப்ரியா எல்லாவற்றையும் சொன்னாள், இறால் படத்தையும் வாய்க்காலையும் சோற்றுப் பருக்கையையும் விடாமல். சொல்லும்போது குரல் அலுத்துப்போயிருந்தது. யாரோ ஒருத்தியின் கதையைப் படிப்பது போலிருந்தது.

"நோட்டுல இருக்கா?"

"இல்ல. இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

"அப்ப எழுது." கலைமகள் வாசற்படிப் பக்கம் திரும்பினார். "அக்கா, எத்தனை கொட்டை?"

மங்களாம்பிகை மகளைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணரை" என்றாள்.

"எதுல கரைச்சீங்க?"

"ஆறின வெந்நீரு. அரைத் தம்ளர்."

"ஜாடி கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருந்திருக்குமே. அரைத் தம்ளருக்கு இடம் ஏது?"

"அவ்வளவு வெளிய எடுத்தேன்."

"எடுத்ததை என்ன பண்ணினே? குடிச்சியா?" கவிப்ரியா கேட்டாள்.

"சீ! செம்பருத்திக்கு ஊத்தினேன்."

"என்னிக்குக்கா?"

"கரிநாளன்னிக்கு. நல்ல காரியம் எதுவும் பண்ணக் கூடாத நாளு. இதுக்குப் பரவால்லன்னு தோணுச்சு."

கலைமகள் வாய்விட்டுச் சிரித்தார். மங்களாம்பிகைக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாவது ஜாடியை மூடச் சொல்லிவிட்டு, இரண்டாவதிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். கிளாஸைச் சுழற்றினார். மோந்தார். வாயில் வைத்து, காற்றை உள்ளிழுத்து, நாக்கில் புரட்டி, முற்றத்துக்குப் போய்த் துப்பினார். மங்களாம்பிகை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓக் தூக்கலா இருக்கு. நொதிக்கிறப்போ சூடு ஏறியிருக்கு. முப்பது தாண்டிச்சா?"

"முப்பத்தொண்ணு. மூணாவது நாள்."

கலைமகள் நோட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். "ஆமா. எழுதியிருக்கே." நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். "உக்காரும்மா. மறைக்காம சொல்லிடுறேன். உதவித் தயாரிப்பாளர் வேலைக்கு ரெண்டு பேரு. இன்னொருத்தர் ரெண்டு அறுவடை பார்த்தவரு. அது அவருக்குத்தான்."

கவிப்ரியா தலையசைத்தாள். வெளியே ஏதோ மாடு கத்தியது.

"கொட்டையைப் பத்திச் சொல்லாம இருந்திருந்தா, மேடம்?"

"குடிச்சிருப்பேன். நல்லாருக்குன்னும் சொல்லியிருப்பேன். வேலை அப்பவும் அவருக்குத்தான்."

கலைமகள் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார். "அங்க அறுவடை தொடங்கியாச்சு. மூணு மாசத்துக்கு ஆள் வேணும். தொட்டி கழுவணும், குழாய் இழுக்கணும், சூடு பார்த்து எழுதணும். பெரும்பாலும் கழுவற வேலைதான். கழுவாத தொட்டியைக் கழுவினேன்னு ஒருத்தன் எழுதிட்டான்னா இருபதாயிரம் லிட்டர் போயிடும். அதுக்கு நீ வர்றியா? நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்குக் கிளம்புறேன். மெயின்ரோட்டுல ஏறிக்கலாம்."

"கழுவறதுக்கா கனடாவுக்கு அனுப்பினோம்?" மங்களாம்பிகை கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியது போலிருந்தது.

"நானும் கழுவினவதான்க்கா. ரெண்டு வருஷம்."

"மூணு மாசம் கழிச்சு?" என்றாள் கவிப்ரியா.

"தெரியாது. இருந்தா உண்டு."

"வர்றேன் மேடம்."

சொன்ன பிறகுதான், யாரையும் கேட்காமல் சொன்னது அவளுக்கே உறைத்தது.

* * *

கார் போனதும் மங்களாம்பிகை தாம்பாளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது படிக்கு உள்ளேயே நின்றாள்.

"இதுங்கள யாரு பாக்கறது?"

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. விட்டுட்டா ஒரு வருஷத்துல தானா தெளியும். சாக்கு காயக் கூடாது. குழாய்ல தண்ணி வத்தாம மட்டும் பாத்துக்க."

"அது தெரியும். மார்கழியில நீ காய்ச்சலா படுத்திருந்தப்போ பத்து நாளு யாரு ஊத்தினதுன்னு நெனச்சே?"

கவிப்ரியா திரும்பிப் பார்த்தாள். அம்மா அதற்குள் கொடியிலிருந்து துணி எடுக்கப் போய்விட்டாள்.

துரைக்கண்ணுவின் கைபேசி அணைந்திருந்தது. சார்ஜ் போட அங்கே இடமில்லை. ஐந்தரை மணிக்குக் கவிப்ரியா அப்பாவுக்கு இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள்.

கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் சாலையோரம் நெடுக நெல் குவியல்கள். ஒவ்வொன்றின் மேலும் தார்ப்பாய், ஒவ்வொரு தார்ப்பாய்க்குப் பக்கத்திலும் ஓர் ஆள். துரைக்கண்ணு முழங்கை வரை நெல்லுக்குள் விட்டு உள்சூடு பார்த்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"நேத்து பதினேழு காட்டுச்சு மெஷினு, நம்பர்தான் வரல. இன்னிக்கு அதே நெல்லு பத்தொம்பதுங்குது" என்றார், மகள் கேட்பதற்கு முன்பே. "பனி குடிச்சிருக்கு. பதினேழுக்கு மேல ஈரம் இருந்தா எடுக்க மாட்டாங்க. நாளைக்கு எட்டு மணிக்கு மறுபடி பாக்கறாங்களாம்."

அவர் சாப்பிடச் சாப்பிட அவள் சொன்னாள். கிடைக்காத வேலையை முதலிலும், கிடைத்த வேலையைப் பிறகும். பக்கத்துக் குவியல்காரர் வைரக்கண்ணு காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு பீடி பற்ற வைத்தார்.

"தொட்டி கழுவறதா?" என்றார் துரைக்கண்ணு.

"ஆமாப்பா."

"எத்தாம் பெரிய தொட்டி?"

"ஆளு உள்ள இறங்கிக் கழுவற அளவு. ஒயின் பொங்கறப்போ ஒரு வாயு வரும்ப்பா. காத்தை விட கனம். அடியில தங்கிடும். பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா மூச்சு விட முடியாது. அதனால முதல்ல காத்தடிச்சு வெளியேத்திட்டுத்தான்..."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார். விளக்கியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

"பாழுங்கிணறு மாதிரி" என்றார்.

"ஆமாப்பா. அதே மாதிரிதான்."

"கிணத்துல இறங்கறதுக்கு முன்னாடி விளக்கைக் கயித்துல கட்டி விட்டுப் பாப்பாங்க. அணைஞ்சா இறங்கக் கூடாது."

"அதுக்கெல்லாம் மெஷின் இருக்குப்பா. சட்டையில மாட்டிக்கிறது. காத்து சரியில்லேன்னா கத்தும்."

துரைக்கண்ணு சாலைக்கு அந்தப் பக்கம், நிலையத்தின் ஜன்னலுக்குள் மேசைமேல் இருந்த ஈரம் பார்க்கும் கருவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மெஷினையும் மாட்டிக்க" என்றார். "விளக்கையும் விட்டுப் பாரு."

"சரிப்பா."

"எத்தனை மணிக்குக் கார்?"

"அஞ்சு. நீங்க வரவேணாம்ப்பா. குவியலை விட்டுட்டு வந்தா நம்பர் போயிடும்."

அவர் தூக்குவாளியைக் கழுவி அவளிடம் கொடுத்தார். "வைரக்கண்ணு, காலையில நாலரைலேருந்து ஒரு மணி நேரம் இதைப் பாத்துக்குவியா?"

வைரக்கண்ணு பீடியை எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. "பாத்துக்குறேன், அண்ணே" என்றார். "மழை இல்லேன்னா."

அவள் ஸ்கூட்டியைத் திருப்பினாள். கண்ணாடியில் பார்த்தபோது அப்பா தார்ப்பாயின் ஒரு மூலையை இழுத்துக் கல் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மூலைக்குப் போவதற்குள் முதல் தூறல் அவள் கையில் விழுந்தது.